சேர்தலும் சேர்த்தலும்

குடும்பக் கோர்ட்டுகளின் பாஷையில் என்னை மிகவும் உறுத்துகிற பிரயோகம் 'தாம்பத்திய உரிமைகளை மீட்டல்'. 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இது. தகுந்த காரணமின்றி விலகிப்போன கணவனையோ மனைவியையோ திரும்பி வரச் சொல்லும்படி மற்றவர் கோர்ட்டைக் கேட்கலாம். ஊரில் இதையே 'சேர்ந்து வாழ மனுப் போட்டிருக்கிறாள்' என்கிறார்கள். இரண்டும் ஒரே காரியத்தைச் சொல்வதாகத் தோன்றும். அப்படியல்ல.

அடகு வைத்த நகையை மீட்கிறோம். கைவிட்டுப்போன நிலத்தை மீட்கிறோம். மீட்கப்படும் பொருளிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. சேர்தல் வேறு. அது தன்வினை, சேருகிறவர் தானாகச் சேர வேண்டும். அதன் பிறவினை சேர்த்தல். மனு கேட்பது முன்னதை. கோர்ட் தர முடிந்தது பின்னதை மட்டும். இதை ஓர் இலக்கணப் பிரச்னையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இந்த ஏற்பாடு இங்கிலாந்தின் சர்ச் கோர்ட்டுகளிலிருந்து நமக்கு வந்தது. கணவனிடம் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று 1887ல் பம்பாயில் ருக்மாபாய்க்குத் தீர்ப்பானது. சிறையே மேல் என்றார் அவர். 1923ல் சிறை நீங்கிற்று. சொத்து ஜப்தி மிஞ்சியது. 1970ல் இங்கிலாந்தே இதைக் கைவிட்டது. நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். 1983ல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பி. ஏ. சௌத்ரி, இப்பிரிவு மனித அந்தரங்கத்தில் அத்துமீறுவது, ஆகவே செல்லாது என்றார். மறு வருஷமே சுப்ரீம் கோர்ட், சரோஜ் ராணி வழக்கில், மணவாழ்வு உடையாமல் தடுக்க உதவுவது, ஆகவே செல்லும் என்றது.

அந்த வழக்கின் விவரத்தைக் கவனிக்க வேண்டும். சேர்ந்து வாழக் கேட்டு மனுச் செய்தவர் மனைவி. கணவர் வாதாடாமல் சம்மதித்தார். 1978ல் டிக்ரி ஆயிற்று. ஒரு வருஷம் கழிந்ததும், டிக்ரிக்குப் பிறகும் சேர்ந்து வாழவில்லை என்பதையே காரணம் காட்டி அவர் விவாகரத்துக் கேட்டார். 13ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. டிக்ரி பெற்றவர், பெறாதவர், இருவரில் எவரும் கேட்கலாம். கடைசியில் கிடைத்தது. சேரக் கேட்டவருக்கு வந்து சேர்ந்தது பிரிவு. உடைவைத் தடுக்கும் என்று சொன்ன தீர்ப்பே அந்த உடைவையும் உறுதி செய்தது.

இதை வைத்துச் சட்டத்தைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் ருசியில்லை. 'நானாகப் போகவில்லை, விரட்டப்பட்டேன்' என்று சொல்லிப் பதிவுசெய்ய விரும்புகிறவளுக்கு இந்த மனுவும் ஒரு வாசல்தான். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. ஜீவனாம்சம் பிறவினைக்கு உட்பட்டது. கொடுக்க மனமில்லாதவனையும் கொடுக்க வைக்கலாம். அந்தப் பணத்தில் வாங்கிய அரிசியும் வேகும். மனமில்லாதவனைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தால் அது துணையாகாது. அவள் தனிமைக்கு ஒரு சாட்சி கூடும், அவ்வளவுதான்.

1976ல் பரஸ்பர சம்மத விவாகரத்தை அனுமதித்தபோது, பிரிதல் தன்வினை என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. சேர்தலுக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.