நோயாளியின் அருகே அமர்பவர் யார்?

மருந்து தருபவர் மருத்துவர். பணிவிடை செய்பவர் செவிலியர். நோயாளியின் அருகே சும்மா அமர்ந்திருப்பது யாருடைய கடமை? வியப்பாகத் தோன்றினும், இக்கேள்வியை இன்று நம்முன் வைப்பது ஒரு நாய்.

நியூயார்க்கின் குழந்தை உளவியலறிஞர் போரிஸ் லெவின்சன், யாரிடமும் ஒட்டாத சிறுவன் ஒருவன் தம் நாய் ஜிங்கிள்சுடன் நெருங்கிப் பழகுவதைக் கண்டார். அந்த நட்பின் வழியாகவே அவன் மெல்ல அவரிடமும் பழகத் தொடங்கினான். 1962இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1991இல் ஜில் ராபின்சன் அம்மையார் ஹாங்காங்கில் 'டாக்டர் டாக்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, சாதுவான வளர்ப்பு நாய்களை மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அனுப்பினார். சென்னையிலும் புளூ கிராஸ் அமைப்பின் வழியாக இத்திட்டம் சிறப்புக் குழந்தைகளை நாடிச் சென்றது.

எல்லா நாய்களும் இப்பணிக்கு ஏற்றவை அல்ல. சக்கர நாற்காலியின் ஓசைக்கும் திடீர்க் கூச்சலுக்கும் மிரளாதவையே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தடுப்பூசியும் தூய்மையும் கட்டாயம். இந்த நாய் நோயைக் குணப்படுத்துவதில்லை. நோயாளியின் தனிமையைத் தணிக்கிறது.

அப்படியாயின், மனிதர் ஆற்ற வேண்டிய கடமையை விலங்கிடம் ஒப்படைப்பது முறையாகுமா?

விவிலியத்தில் இரு காட்சிகளைக் காண்போம். இலாசரின் புண்களை நாய்கள் நக்கின. அதை அவரது இழிநிலையின் உச்சம் என்பாரும் உண்டு. ஆறுதல் என்பாரும் உண்டு. எவ்வாறாயினும், அந்த ஏழையை நெருங்கி வந்தவை அவையே. வாசலுக்கு உள்ளே இருந்த செல்வர் வரவில்லை. தோபித்து நூலிலோ, தொபியாவும் வானதூதர் இரபேலும் புறப்பட்டபோது நாயும் உடன் சென்றது. தந்தை பார்வை பெற்றதில் அப்பயணம் நிறைவுற்றது. முதற்காட்சியில் மனிதர் நிற்க வேண்டிய இடத்தில் நாய். இரண்டாவதில் மனிதரோடு நாய். மருத்துவமனைக்குச் செல்லும் நாயும் தனியே செல்வதில்லை. அதன் வாரைப் பிடித்தபடி ஒருவர் உடன் வருகிறார். நாயைத் தடவும் நோயாளி, சற்று நேரத்தில் அவரோடும் பேசத் தொடங்குகிறார். இதுவே முறையான வழி.

நாய்க்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். இப்பணியை அது தானே விரும்பி ஏற்கவில்லை. களைப்பை வாய்விட்டுச் சொல்லவும் இயலாது. அது முகத்தைத் திருப்பி விலகும்போது ஓய்வளிக்க வேண்டும். நம் ஆறுதலுக்காக ஓர் உயிரை வருத்துவது அறமன்று.

காவிரிக் கரை ஊர்களில் நாய் வாசலோடு நிற்பது; களத்தையும் தோப்பையும் காப்பது. வெறிநாய்க்கடி குறித்த அச்சமும் நியாயமானதே. ஆகவே, கும்பகோணத்து நோயாளியின் கட்டிலருகே நாய் வருவது எளிதன்று. உறவினரே பாய் விரித்து உடனிருப்பது நம் மரபு. ஆயினும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பிள்ளைகள் பிழைக்க, இங்கே பெரிய வீடுகளில் முதியோர் தனித்திருப்பது கண்கூடு. முதல் வெள்ளிதோறும் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க சாமி" என்ற வேண்டுகோளே அதிகம் கேட்கிறது.

நாய் அறிவுரை கூறுவதில்லை, நோய் எப்படி வந்தது என்று துருவுவதில்லை, கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நாம் அவ்வாறு அமர்வது அத்துணைக் கடினமா? நம் தெருவில் படுத்த படுக்கையாய் இருப்பவர் யாரென இவ்வாரமே விசாரித்தறிவோம். அரைமணி நேரம் அவரருகே அமர்ந்து வருவோம்.