கூதிர்க் காலமும் கைத்தையலும்



பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாளைத் தீபாவளியாகக் கொண்டாடி முடித்து, நந்தீசுவர பூசைக்கு ஆயத்தமாகும் இக்கூதிர்ப் பருவத்தில் இல்லத்துப் பெண்டிர்க்கு வேலை மிகுதி. மழையில் நமுத்துப்போன துணிகளை வெயில் கண்டபோது உலர்த்த வேண்டும். சுவடிகளையும் சாத்திர நூல்களையும் எடுத்துத் துடைத்துப் புதுத்துணியில் கட்டி வைக்க வேண்டும். பருப்பு வகைகளில் உயிர் தோன்றியிருப்பின் துன்புறுத்தாது அகற்ற வேண்டும். மழைக்காலத்தில் மூன்று நாளுக்குமேல் வைத்திருக்கலாகாது என்றிருந்த மாவுக்குப் பனிக்காலத்தில் ஏழு நாள் வரை இடமுண்டு. அவ்வளவை மாற்றிக்கொள்ளும் காலம் நெருங்குவதும் இப்போதுதான். இவற்றையெல்லாம் நாம் அடுக்களைக் கணக்கில் எழுதிவிட்டு, கோயிலுக்குச் செல்வதை மட்டும் அறக்கணக்கில் எழுதுகிறோம்.

இம்முறை கைத்தையலைப் பற்றிச் சொல்ல எண்ணுகிறோம். சமயப் பக்கத்தில் தையலுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். தமிழில் தையல் என்னும் சொல் பெண்ணையும் குறிக்கும் என்பதை நினைத்தாவது சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மியம், சுக்கிலம் என நான்காகப் பகுக்கிறது. அன்புடையாரைப் பிரிந்தபின் அவரையே இடைவிடாது நினைந்து உருகுவதும் ஒரு தியானமே. ஆர்த்த தியானத்தின் ஒரு வகை. துயரத்தில் இருப்பவருக்குத் தியானம் கைவராது என்று எண்ணுகிறோம். அவரைப்போல் ஒருமுகப்பட்டுத் தியானிப்பவர் வேறு யார்? பொருள்தான் தவறானது; அதனால் வினை கட்டுகிறது.

கணவரை இழந்து, மக்களும் அயல்நாடு சென்றுவிட, பெரிய வீட்டில் ஒற்றையாய் இருக்கும் மூதாட்டியர் நம் ஊர்கள்தோறும் இருக்கின்றனர். துக்கம் விசாரிக்க வருவோர் "எல்லாம் வினைப்பயன், அழாதீர்கள்" என்று கூறி அடுத்த பேருந்தைப் பிடித்துவிடுகிறார்கள். அவர்கள் கூறுவது உண்மையே. ஆயினும் இரவு மூன்று மணிக்கு விழித்துக்கிடப்பவளுக்கு அவ்வுண்மை துணையிருக்கிறதா? சிறந்த உடற்கட்டு உடையோர்க்கே மனம் ஒன்றில் நிலைப்பது ஒரு முகூர்த்தத்திற்கு, அதாவது 48 நிமிடத்திற்கு, உட்பட்ட காலமே என்று அச்சூத்திரம் கூறுகிறது. நம்மனோர்க்குச் சில நொடிகள் வாய்த்தாலே பெரிது. அவ்வாறிருக்க, துயருற்ற மனத்தை வெறுங்கையோடு உட்காரவைத்துச் சாமாயிகம் செய் என்று கட்டளையிடுவது கடுமையாகும்.

நாம் அறிந்த ஓர் அம்மையார் கணவர் மறைந்தபின் ஜபமாலையை எடுத்தால் பத்தாவது மணியிலேயே கண்ணீர் பெருக, மாலையை வைத்துவிடுவார். அவரிடம் நீர் வடிகட்டும் துணிகள் தைத்துத் தருமாறு கேட்டோம். முதல்நாள் ஒன்று தைத்தார். ஒரு திங்களுக்குள் இருபதுக்குமேல் தைத்துவிட்டார். தையலின் ஒவ்வொரு குத்துக்கும் "ணமோ அரிஹந்தாணம்" என மனத்துள் சொல்லிக்கொண்டதாகப் பின்னர் தெரிவித்தார். அழுகை நின்றுவிடவில்லை. ஆனால் அழுதபின் ஊசி நின்ற இடத்திலிருந்து மீண்டும் தொடர முடிந்தது. மாலை அவருக்குத் தராததை ஊசி தந்தது என்று கூறினால் பெரியோர் சினந்துகொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

நீர்த்துணி சிறிய பொருளன்று. முன்னோர் வகுத்த அளவு நீளம் 36 விரல், அகலம் 24 விரல். அதனை இரட்டையாக மடிக்க வேண்டும். கதிரவன் ஒளி ஊடுருவாத கெட்டியான பருத்தித் துணியே ஏற்றது. பழம்புடவையைக் கிழித்துத் தைப்பது சிக்கனம் என எண்ண வேண்டா. உடுத்து நைந்த துணியில் இழைகள் விலகி, நுண்ணுயிர் தப்பிச் சென்றுவிடும். வடித்த நீர் இரண்டு நாழிகை வரையே ஆகும். துணியில் தங்கிய உயிர்களை வடித்த நீரால் அலசி, எந்தக் கிணற்றில் நீர் எடுத்தோமோ அதிலேயே மெல்லச் சேர்த்துவிட வேண்டும். இப்போது குழாய் வந்துவிட்டது, துணி எதற்கு என்பார் உளர். குழாயிலும் துணி கட்டலாம்.

ஆசிரியைப் பயிற்சி பெற்ற காலத்தில் நமக்குத் தையலும் ஒரு பாடம். ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல் எனத் தனித்தனித் துண்டுகளில் தைத்து நோட்டில் ஒட்டிக்காட்ட வேண்டும். நீர்த்துணிக்கு இவ்வலங்காரம் எதுவும் வேண்டுவதில்லை. விளிம்பை இருமுறை மடித்து நெருக்கமாகத் தைத்தால் போதும். பிசிர் நீரில் விழாது. பார்த்து எடு, பார்த்து வை என்று முனிவர்க்குச் சொல்லப்பட்ட ஆதான நிட்சேபண சமிதியை இல்லறத்தார் பழகுவதற்கு ஊசியைக் காட்டிலும் நல்ல ஆசான் இல்லை. வைத்த இடம் மறந்தால் பேரன் காலில் அன்றோ தைக்கும்!

துயரத்தைக் கைச்செயலால் கடந்தவருள் கன்னட நாட்டு அத்திமப்பேயை நினைக்க வேண்டும். 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். கணவர் நாகதேவன் இறந்தபோது, அவனுக்கே வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை குண்டமப்பே உடன்கட்டை ஏறினாள். அத்திமப்பே ஏறவில்லை, மகனை வளர்க்க உயிர் தாங்கினார். பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். இலக்குண்டியில் ஜினாலயம் எடுத்தார். அங்குள்ள 1007-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவர் புகழைக் கூறுகிறது. தானசிந்தாமணி என்று உலகம் போற்றிய அப்பெண்மணியும் முதலில் கணவனை இழந்த ஒருத்தியே.

கைவேலையிலும் வினை புகும் வழிகள் உண்டு. பட்டுநூல் பளபளக்கும்; ஒரு பட்டுப்புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகளைக் கொதிநீரில் இட வேண்டும் என்பதை அறிந்தவர் பூவேலைக்கும் அந்நூலைத் தொடமாட்டார். "என் பூவேலைக்கு ஈடு உண்டா" என்னும் எண்ணம் எழுந்தால் அது மானம் என்னும் கசாயம். அதனாலேயே அலங்காரத் தையலைக் காட்டிலும் சுவடிக்கட்டும் நீர்த்துணியும் தைப்பதை நாம் விரும்புகிறோம். அவற்றை எவரும் வியந்து பார்க்கமாட்டார்.

சாதுர்மாசம் நிறைவுற்றபின் முனிவர்கள் பழைய பிச்சியை நீக்கிப் புதியதை ஏற்பர். மயில் தானே உதிர்த்த தோகைகளைச் சேர்த்துக் கட்டுவதும் கைவேலையே; ஊறு செய்யாத மென்மைக்காக அதனைத் தெரிந்தெடுத்தனர். அருகே முனிவர் தங்கியிருப்பின் சென்று காணுங்கள்.

வெயில் இருக்கும்போதே தையுங்கள். விளக்கை ஏற்றி அமர்ந்தால் மழைக்காலத்துப் பூச்சிகள் வந்து வீழும். தைத்த துணிகளை நந்தீசுவர பூசை நிறைவு நாளில் கோயிலுக்குக் கொணர்ந்தால் கிணற்றடிக்கும் மடைப்பள்ளிக்கும் பயன்படும். தனித்திருக்கும் மூதாட்டி எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால், போகும்போது ஒரு முழம் துணியும் நூற்கண்டும் எடுத்துச் செல்லுங்கள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள், அவர்களுக்குக் கண் சரியாகத் தெரியாது.