கைகட்டி, வாய்பொத்தி!

"தலைவன் தவறு செய்வானா?" என்று கேட்டால், "செய்யலாம், அவனும் மனிதன்தானே!" என்று எளிதாகக் கூறிவிடுகிறோம். "அப்படித் தவறும்போது, கீழே இருப்பவன் தடுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள்! உடனே ஒரு தயக்கம், ஒரு கனைப்பு, "அது மரியாதை ஆகுமா?" என்றோர் இழுப்பு! அந்த இழுப்புக்கு எத்தனை உயிர் விலை என்பதை, எரிந்து கிடந்த விமானங்கள் நமக்குக் கணக்கிட்டுக் காட்டியிருக்கின்றன.

பீளமேட்டிலிருந்து எழும்பும் பயணி விமானத்தின் முன்னறையிலே இருவர் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் தலைமை விமானி, மற்றவர் துணை விமானி. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கருவிகளைக் கவனிக்க வேண்டும். ஒருவர் கண் அயர்ந்தால் மற்றவர் கண் காக்க வேண்டும். மனிதன் தவறக்கூடியவன் என்பதை ஒப்புக்கொண்டு, அறிவு அமைத்த ஏற்பாடு இது. ஆனால், ஏற்பாடு இருந்தும் என்ன நடந்தது?

2010 மே 22. துபாயிலிருந்து 166 பேருடன் மங்களூர் வந்தது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். குன்றின் உச்சியைச் சமன்செய்து போட்ட ஓடுபாதை அது, எல்லை தாண்டினால் பள்ளம். விமானமோ இருக்கவேண்டிய உயரத்துக்கு மேலே இருந்தது. "இறங்க வேண்டாம், மேலே எழுங்கள்" என்ற பொருளிலே துணை விமானி மும்முறை கூறினார். எச்சரிக்கைக் கருவியும் கூவிற்று. வழியிலே நெடுநேரம் உறங்கியிருந்த தலைமை விமானி, கேளாமல் இறக்கினார். 158 பேர் மாண்டனர், எட்டுப் பேரே பிழைத்தனர்.

பத்தாண்டு கழிந்தது. 2020 ஆகஸ்ட் 7. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், நமக்கு அண்டையிலே உள்ள கோழிக்கோடு விமான நிலையம். கொட்டும் மழை. அதே நிறுவனத்தின் விமானம், 190 பேர். ஓடுபாதையின் பாதித் தொலைவு கடந்த பிறகே சக்கரம் தரை தொட்டது. இங்கும் துணை விமானி "மேலே எழுங்கள்" என்றார், இங்கும் அந்தச் சொல் ஏற்கப்படவில்லை. இரு விமானிகள் உள்ளிட்ட 21 பேர் உயிரிழந்தனர்.

"விதி!" என்பர் சிலர். விதி என்று விட்டிருந்தால், இடிபாடுகளுக்கிடையே ஒலிப்பதிவுக் கருவியைத் தேடியிருப்பார்களா? அறிவு தேடியது, கேட்டது, காரணம் கண்டது. கோழிக்கோட்டு விசாரணை அறிக்கை, இருவருக்கும் இடையே நின்ற செங்குத்தான அதிகார ஏற்றத்தாழ்வைச் சுட்டிற்று. ஆபத்தை அறிந்திருந்தும் துணை விமானி கட்டுப்பாட்டைத் தம் கையிலே எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லிற்று.

இது இந்த நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. 1977 மார்ச் 27இல், டெனெரீஃப் தீவிலே, பனிமூட்டத்தில் இரு பெருவிமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டனர். மோதலுக்குச் சற்று முன்பு, கே.எல்.எம். விமானத்தின் பொறியாளர், மற்ற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஐயம் எழுப்பினார். "விலகிவிட்டது" என்று அழுத்தமாகக் கூறினார் தலைமை விமானி. பொறியாளர் அடங்கினார். 1978இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரருகே எரிபொருள் தீர்ந்து ஒரு விமானம் விழுந்தது. அதன் பின்னர், மேலோர் கேட்கவும் கீழோர் துணிந்து சொல்லவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே பிறந்தது.

தோழர்களே! இங்கே ஊன்றிக் கவனியுங்கள். "பேச உரிமை கொடுத்துவிட்டோம், இனி என்ன?" என்பவர்களுக்கு இந்த நிகழ்ச்சிகளிலே பாடம் இருக்கிறது. மங்களூரிலே பேசினார்கள். கோழிக்கோட்டிலே பேசினார்கள். நா எழுந்தது, கை எழவில்லை! கைகட்டி வாய்பொத்தி நிற்பது நம் நாட்டுப் பழக்கம். வாயைத் திறந்துவிட்டோம், கட்டிய கையை அவிழ்த்தோமா?

கை எழாததைக் கோழைத்தனம் என்று கூறுவது எளிது, ஆனால் நியாயமன்று. தொட்டிலிலிருந்து அடக்கம் பழக்கி, பள்ளியிலே பணிவு பழக்கி, பணியிலே மேலவர் முகம் பார்க்கப் பழக்கிவிட்டு, சாவு எதிரே நிற்கும் சில விநாடிகளிலே மட்டும் அவன் சிங்கமாகச் சிலிர்க்க வேண்டும் என்றால், முடியுமா? அவனிடம் வீரம் கேட்குமுன், அவன் சொல்லுக்கு வலுவளிக்கும் விதியைச் செய்ய வேண்டியவர்கள் மேலே இருப்பவர்களல்லவா?

நம் ஊரைப் பாருங்கள். "இயந்திரத்தின் சத்தம் சரியில்லைங்க" என்கிறான் ஆலைத் தொழிலாளி. "தெரியும், ஓட்டு" என்கிறார் மேஸ்திரி. நிறுத்தும் விசை அருகே இருக்கிறது, நிறுத்தும் உரிமை இல்லை. "படிக்க வேண்டுமுங்க அப்பா" என்கிறாள் மகள். தந்தை கனிவோடு கேட்டுக்கொள்கிறார், திருமண அழைப்பிதழோ அச்சகத்துக்குப் போகிறது! கொங்குத் தமிழின் 'ங்க' இனியது. அது நாவிலே இருக்கட்டும், கைக்கு விலங்காக வேண்டாம்.

"ஆளுக்கு ஆள் தடுத்தால் கட்டுப்பாடு என்னாவது?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. விமானத்துறையே விடையும் தருகிறது. இறங்கும்போது உயரமும் வேகமும் எந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்திருக்கிறார்கள். அளவு மீறினால் இறங்கக் கூடாது, மேலே எழ வேண்டும். வாதம் பிறகு, தரையிலே! வீணாக மேலெழுந்தால் இழப்பது கொஞ்சம் எரிபொருளும் சில நிமிடமும். வீம்பாக இறங்கினால் இழப்பது உயிர். நிறுத்துவதால் வரும் இழப்பு சிறிது, தொடர்வதால் வரும் இழப்பு பெரிது என்னும் இடத்திலெல்லாம், நிறுத்தும் உரிமை கடைசி மனிதனுக்கும் இருக்க வேண்டும். அது கட்டுப்பாட்டுக்குப் பகை அன்று, கட்டுப்பாட்டின் உயிர்நாடி!

இடித்துரைக்கும் துணையை நாடச் சொல்லி மன்னனுக்கு அறிவுறுத்தினார் வள்ளுவர். இடித்துரைத்தும் மன்னன் கேளாவிட்டால் என்ன செய்வது? அந்த விடையை எழுத வேண்டியவர்கள் நாம். ஆலையிலும், இல்லத்திலும், மன்றத்திலும் "யார் சொன்னார்?" என்று கேட்பதை விட்டு, "என்ன சொன்னார்?" என்று கேட்கத் தொடங்குவோம். கேட்டதோடு நில்லாமல், சொன்னவர் கையிலே தடுக்கும் உரிமையையும் தருவோம்!