வெற்றியும் தகுதியும்

வெற்றி ஒன்றே தகுதிக்குச் சான்றாகுமா? பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ‘பேக்கேமன்’ ஆட்டம் இவ்வினாவுக்கு எண்களால் விடை பகர்கிறது. ஆட்டக்காரரின் திறனைத் தரமதிப்பெண்ணால் அளப்பர். வழங்கிவரும் ஒரு வாய்பாட்டின்படி, 200 மதிப்பெண் மிக்கவர் ஒரு புள்ளிப் பந்தயத்தில் வெல்லும் வாய்ப்பு 56 விழுக்காடு. 25 புள்ளிப் பந்தயத்திலோ 76 விழுக்காடு. ஆட்டம் நீள நீளப் பகடையின் ஆதிக்கம் தேய்ந்து, திறன் மேலோங்குகிறது.

1979ஆம் ஆண்டு மான்டி கார்லோவில், கணினி ஒன்று உலக வெற்றிவீரர் லூயிஜி வில்லாவை 7–1 என வென்றது. எனினும், அதன் நிரலை ஆக்கிய ஹான்ஸ் பெர்லினரே, சிறப்பாக ஆடியவர் வில்லா என்றும், பகடையே கணினிக்குத் துணைநின்றது என்றும் ஒப்புக்கொண்டார். வென்றவர்க்கு அந்நேர்மையே அழகு.

ஆகவே, ஒரே முடிவைக் கொண்டு ஒருவரை உயர்ந்தோர் என்றோ தாழ்ந்தோர் என்றோ தீர்ப்பது அறமன்று. நெடிது நோக்கியே மதிப்பிடல் வேண்டும். அந்நெடிய பந்தயத்திலும் எளியவர்க்கு 24 விழுக்காடு வாய்ப்பு எஞ்சுவதை மறத்தலாகாது.