எலும்பின் சாட்சியும் ஊரார் பேச்சும்



பண்டைக் காலத்து மனிதன் மனிதனையே பலியிட்டானா என்றால், சில இடங்களில் இட்டான் என்பதே விடை. ஆனால் அந்தப் பழியை யார் மீது சுமத்தலாம், யார் மீது சுமத்தலாகாது என்பதே நாம் சீர்தூக்க வேண்டிய விஷயம்.

இராக்கில் 'ஊர்' என்ற பெயருடைய பழம்பட்டணம் ஒன்று உண்டு. 1920களில் வூலி என்ற ஆங்கிலேயர் அங்கே அரச கல்லறைகளைத் தோண்டினார். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரே குழியில் 74 உடல்கள் கிடந்தன. அவர்களில் 68 பேர் பெண்கள். எஜமானோடு மறுமைக்குப் போக இவர்கள் மனமுவந்து நஞ்சு குடித்தார்கள் என்று அவர் கருதினார். ஆனால் அந்தக் கல்லறைகளில் எடுத்த இரண்டு மண்டையோடுகளைப் படம் பிடித்து ஆராய்ந்தவர்கள், கூரிய ஆயுதத்தால் அடித்த துளைகளைக் கண்டார்கள். அந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. மனமுவந்து என்ற சொல் அத்தோடு ஆட்டங்கண்டது. எளியவன் சாவுக்கு அவன் சம்மதத்தைக் காரணமாகச் சொல்வது வலியவனுக்கு எப்போதும் வசதியே.

இனி நம் தாயகத்தைப் பார்ப்போம். முதுமக்கள் தாழி என்றதும், வயது முதிர்ந்தவர்களை உயிரோடு தாழிக்குள் வைத்துப் புதைத்தார்கள் என்று சொல்வோர் இன்றும் உளர். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 2004இல் மீண்டும் தோண்டியபோது ஏராளமான தாழிகள் வெளிப்பட்டன. அவற்றுள் சிலவற்றில் பிற்பாடு பொறுக்கிச் சேர்த்த எலும்புகளே இருந்தன. பொறுக்கிய எலும்பை இட்ட தாழியில் உயிரோடு ஒருவரை வைத்திருக்க முடியுமா? தாழி அடக்கத்துக்கு ருசு, கொலைக்கு ருசுவாகாது.

செத்தவர் மீது சொல்லும் பழி அவரோடு போகட்டும் என்று இருந்துவிடலாமா? அதே நாக்குத்தான் உயிரோடிருப்பவரையும் சுடுகிறது. 1850களில் சிங்கப்பூரில், ஆவிகளைச் சாந்தப்படுத்தக் கவர்னருக்கு மனிதத் தலைகள் வேண்டுமாம், இந்தியக் கைதிகள் இரவில் மறைந்திருந்து வெட்டுகிறார்களாம் என்று பெரும் பீதி கிளம்பிற்று. பழி சுமந்தவர்கள் நம் நாட்டிலிருந்து கப்பலேற்றப்பட்ட ஏழைகள். பாலம் கட்டினால் தலை வெட்டுவார்கள் என்ற பேச்சு நம் மலாக்கா தோட்டப்புறங்களிலும் பிள்ளைகளைப் பயமுறுத்தி வந்ததுதானே!

ஒருவர் நமக்குப் பாக்கி என்று சொல்லப் பேரேட்டைப் புரட்டுகிறோம். ஒருவரைக் கொலைகாரர் என்று சொல்ல மட்டும் வாய்ப்பேச்சே போதுமா? ஊகத்தை விட்டு விலகச் சொல்வது நம் மார்க்கம். ஆகவே, ருசு உள்ள கொலையைச் சம்மதம் என்று பூசி மெழுகலாகாது. ருசு இல்லாத இடத்தில் கொலை என்று கூசாமல் சொல்லவும் ஆகாது. ஊருக்குப் புதிதாய் வந்த கூலியாளைப் பற்றி இப்படி ஒரு பேச்சு நம் கடைக்கு வருமானால், "பார்த்தவர் யார்?" என்று முதலில் கேட்போமாக!