மீட்டரும் ஆகமமும்

கேரளக் கடற்கரையில் உள்ள விழிஞ்ஞம் குடைவரைக் கோயில் மிகச் சிறியது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். உள்ளே இருப்பவர் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி, ஞானத்துக்கு ஆசான். எதை நம்பி ஒன்றை உண்மை என்று ஏற்பது என்பது சைவர்களின் பழைய வழக்கு. அதை அதே ஊரில் ஒரு பழைய ஹாம் ரேடியோ ஆம்ப்ளிஃபையரைத் திறந்து வைத்தும் விசாரிக்கலாம்.

அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் 1970களில் விற்ற எஸ்.பி.-220 ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்வோம். உதிரிகளாக வரும், வாங்கியவரே சாலிடர் வைத்துக் கோக்க வேண்டும். கையேட்டில் ஒவ்வொரு படிக்கும் டிக் அடிக்க இடம் விட்டிருப்பார்கள். இரண்டு பெரிய வால்வுகள், அவற்றுக்கு 3,000 வோல்ட் வரை மின்சாரம். அரை நூற்றாண்டு கழித்து யாரோ கெபாசிட்டர்களை மாற்றி, ரிலேயைப் புதுப்பித்துக் கைமாற்றிவிடுகிறார். ஸ்விட்சைப் போட்டால் அவுட்புட் பவர் வரவில்லை.

13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலை இயற்றிய அருணந்தி சிவாச்சாரியார், பிறர் பத்து வரை அடுக்கிய அளவைகளை, அதாவது உண்மையை அறியும் வழிகளை, மூன்றில் அடக்கினார்: காண்டல், கருதல் (ஊகம்), உரை (ஆகமம், நம்பத்தக்கவர் சொல்). ரிப்பேர் மேசையில் மூன்றுக்கும் வேலை உண்டு.

மீட்டர் 3,000 காட்ட வேண்டிய இடத்தில் 2,000 காட்டுகிறது. கண்ணால் கண்டாயிற்று! ஆனால் மீட்டருக்கு முன்னால் இருக்கும் பழைய கார்பன் ரெசிஸ்டர்களுக்கு வயதாக ஆக மதிப்பு ஏறும். அது ஏறினால் மீட்டர் குறைத்துக் காட்டும். வோல்டேஜில் குறையே இல்லை. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவை என்று சித்தியார் போடும் நிபந்தனை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

கருதலுக்குத் தருக்க நூல்களின் நிரந்தர உதாரணம், மலையில் புகை கண்டு நெருப்பை ஊகிப்பது. (ஆம்ப்ளிஃபையரில் புகை வந்தபின் ஊகிக்க அதிகம் மிஞ்சாது.) இங்கே ஆன்டெனாவைக் கழற்றி, அதற்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடை மாட்டிப் பார்க்க வேண்டும். பவர் வந்துவிட்டால் பெட்டியில் குற்றமில்லை. கோளாறு கூரைக்கு ஏறும் கேபிளிலோ ஆன்டெனாவிலோ. உப்புக்காற்று வீசும் கடற்கரையில் கனெக்டரை அவிழ்த்தால் பெரும்பாலும் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

மிச்சம், உரை. பெட்டியைப் புதுப்பித்தவர் எதையெதை மாற்றினார் என்று எழுதி வைக்கவில்லை. கையேடு சொல்வது ஒன்று, உள்ளே ஓடும் வயர் வேறு. இந்த இடத்தில் சர்க்யூட் படத்தைக் கட்டிக்கொண்டு அழுவது மூடத்தனம்.

அதற்காக உரையைத் தூக்கிப்போட முடியுமா? பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். நிறமில்லை, மணமில்லை, சத்தமில்லை. தொட்டுத் தெரிந்துகொண்டவர் வந்து சொல்வது சந்தேகம். முன்னவர் சொல்லை நம்பியே ஆக வேண்டும். காண்டலுக்கும் கருதலுக்கும் எட்டாத பொருளுக்கே உரை என்கிறது சித்தாந்தம். வீடுபேறும் வோல்டேஜும் ஒன்றா என்று சித்தாந்திகள் கோபிக்கலாம். கோபம் நியாயம்தான்: வோல்டேஜை நாளை இன்னொருவர் கருவி வைத்துச் சரிபார்ப்பார், முத்தியை அப்படிச் சரிபார்க்க வழியில்லை. ஆகவே மதத்தில் உரையின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

உரை வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே ஊர் கண்டது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது விழிஞ்ஞம், பூந்துறை, குமரி மாவட்டக் கரைகளிலிருந்து போன பல படகுகள் ஏற்கெனவே கடலில் இருந்தன. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தே கணிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது கரையிலிருந்து ஒரு சொல். கைபேசி அலை அவ்வளவு தூரம் போகவில்லை.

கடைசியாக, இப்படி ஓர் ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரண மல்டிமீட்டரை அதில் வைத்துப் பார்க்காதீர்கள். பெரும்பாலானவை 1,000 வோல்டுக்கு மேல் தாங்காது. ஹை வோல்டேஜ் ப்ரோப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.