எர்க்கியாவின் தெய்வங்கள்

ஏதென்ஸ் மாநகருக்குக் கிழக்கே, ஹைமெட்டஸ் மலையைக் கடந்தால் வரும் சமவெளியில், இன்று ஸ்பாட்டா என்று வழங்கும் ஊரையொட்டி, எர்க்கியா என்னும் சிற்றூர் இருந்தது. கி.மு. 508ஐ ஒட்டிக் கிளைஸ்தனிஸ் வகுத்த அரசியல் ஏற்பாட்டில், அட்டிகா தேசத்தின் ஏறக்குறைய 140 ஊர்களுள் அதுவும் ஒன்று. ஒருவன் எங்கே குடிபெயர்ந்தாலும், தந்தைவழி வந்த ஊர்ப்பெயர் அவனைவிட்டு நீங்காது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அவ்வூரார் தங்கள் வருஷாந்தர பலிகளைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். செலவு ஏறத்தாழச் சமமாக விழும்படி ஐந்து பத்திகளாகப் பகுத்த அக்கல்லில், மாதம், நாள், தெய்வம், ஸ்தலம், பலிப்பிராணி, அதன் விலை எல்லாம் வரிசையாக நிற்கின்றன: ஆட்டுக்கு 10 அல்லது 12 திரக்மா, பன்றிக்குட்டிக்கு 3. செமிலிக்கும் அவள் மைந்தன் டயனைசஸுக்கும் ஒரே பீடத்தில் இடும் வெள்ளாடுகளைப் பெண்களிடம் ஒப்படைக்க வேண்டும், தோல் பூசாரிணிக்கு, இறைச்சியை வெளியே கொண்டுபோகலாகாது.

கிரேக்கரின் தலைமைத் தெய்வமான ஜீயஸ் அந்தக் கல்லில் ஒருவனாக இல்லை. ஹைமெட்டஸ் மலைமேல் மதுவின்றி ஆட்டுக்குட்டியை ஏற்பவன் ஒரு ஜீயஸ்; எல்லைக்கு உரியவன் ஒருவன்; ஏதென்ஸின் அக்ராயில் பலி பெறும் மைலிக்கியோஸ் என்னும் சாந்தஸ்வரூபி இன்னொருவன். சர்வலோக நாயகன் ஒருவனேயானால், அவனை இவ்விதம் மலைக்கும் எல்லைக்குமாகப் பங்கிடுவது அஞ்ஞானம் அல்லவா என்று தத்துவ விசாரம் செய்வோர் கேட்பர்.

இக்கேள்விக்கு எர்க்கியா ஊர்க்காரனான ஜெனபன் என்னும் வரலாற்றாசிரியனின் வாழ்க்கையிலேயே ஒரு விடை உண்டு. பாரசீகத்தின்மேல் நடந்த படையெடுப்பில் சேர்ந்து, பதினாயிரவர் எனப்படும் கிரேக்க வீரரைத் தாயகம் நோக்கி நடத்திவந்தவர்களுள் ஒருவனான அவன், கி.மு. 399இல் லாம்ப்ஸகஸ் நகரை அடைந்தபோது, வழிச்செலவுக்கே தவித்து, அருமைக் குதிரையையும் விற்க நேர்ந்தது. யூக்ளிடீஸ் என்ற நிமித்திகன் பலியின் குறிகளைப் பார்த்து, மைலிக்கியோஸ் ஜீயஸே தடையாக நிற்கிறான் என்று சொல்லி, வீட்டில் செய்துவந்த பலியை வெளியூரிலும் செய்தாயா என்று கேட்டான். அரசனாகிய ஜீயஸைத் துதித்துவந்த ஜெனபன், ஊரைவிட்டுக் கிளம்பியது முதல் இந்த ஜீயஸுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டான். மறுநாள், பிதாக்களின் வழக்கப்படி பன்றிகளை முழுமையாக எரித்துப் பலியிட்டான். அன்றே, விற்ற குதிரையை மீட்டுக்கொண்டு நண்பர் இருவர் வந்தனர். அதன் விலையை வாங்கிக்கொள்ளவும் மறுத்துவிட்டனர்.

குதிரை திரும்பியதை நான் அத்தாட்சியாகக் கொள்ளவில்லை. 'அரசனை வணங்கினேனே, அவனே இவனும் அல்லவா' என்று அவன் வாதாடாததுதான் என் உள்ளத்தைத் தொடுகிறது. அஃப்ரொடைட்டி என்னும் தேவி ஒருத்தியா இருவரா என்பதைச் சாக்ரட்டீஸே தீர்மானமாகச் சொல்லாமல், பீடங்களும் பலிகளும் வெவ்வேறு என்பதை மட்டும் தாம் அறிந்ததாகச் சொன்னார் என்று, தன் விருந்து நூலில் எழுதியவனும் இதே ஜெனபன்தான். பரம்பொருள் ஒன்று என்னும் ஞானம் உயர்ந்ததே. ஆயினும், இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னது செய்யக் கடமைப்பட்டேன் என்று உணராத பக்தி வெறும் அபிப்பிராயமாகவே நின்றுவிடும். இவ்விஷயத்தில் எர்க்கியா ஊராரே சரி என்பது என் துணிபு.